அவ இருந்தப்ப ஒழுகினதில்ல

அக்டோபர் 9

வணக்கம்.

எப்படி அழைத்து எழுதுவது என்று யோசித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அம்மா என்றால் வயதைக் கூட்டிவிட்டேன் என்று கோபித்துக்கொள்வீர்கள். மேடம் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் நீங்கள் விட்டுப்போன வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருப்பவள் நான். உங்களோடு விவாகரத்தானவரின் இப்போதைய மனைவி. நலமா என்று கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன்.

உங்கள் பழைய அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா என் தையல் கடைக்கு வருவார். முகவரி அவரிடம் வாங்கியது. அவருக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. (நான் 'அவருக்கு' என்று எழுதினால் யார் என்று உங்களுக்குத் தெரியும். டைப்பிஸ்ட் அம்மாவைச் சொல்லவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். வீடு ஒழுகுகிறது. படுக்கையறையில், சமையலறையை ஒட்டிய சுவரில், இந்த மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. மேலே தளம் காய்ந்தே இருக்கிறது. சுவரில் தளத்திலிருந்து இரண்டு முழம் கீழேதான் ஈரம் தொடங்குகிறது, அங்கிருந்து தரைவரை இறங்குகிறது. என் தையல் மிஷின் அந்தச் சுவரோரம்தான் இருந்தது. ஆறு பள்ளிச் சீருடைகள் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈரத்தின் ஓரத்தைத் துணி வெட்டும் சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கிறேன். இப்போது சுவரைப் பார்த்தால் வெட்டாத துணி மாதிரி இருக்கிறது.

கொத்தனார் வந்தார். ஈரத்துக்கு நேர் மேலே மொட்டை மாடியில் தாரைப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் முன்பைவிட நன்றாகவே ஒழுகியது. அப்போது அவர் (கொத்தனாரைச் சொல்லவில்லை) சுவரைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். "அவ இருந்தப்ப ஒரு சொட்டு ஒழுகினதில்ல."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, ஏதோ மழை நின்றுவிட்டது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வந்த பிறகுதான் வீட்டுக்கே கேடு வந்தது போல ஆகிவிட்டது. இந்த ஒழுகலை நானே கண்டுபிடித்து நானே நிறுத்த வேண்டும். வீட்டின் படத்தை வரைந்தது நீங்கள். தண்ணீர் எங்கே நுழையலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்களிடம் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பதிலைக் கடை முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
இப்போது அங்கே இருப்பவள்


அக்டோபர் 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கேட்டதற்கு நன்றி, வேண்டாவெறுப்பாகக் கேட்டிருந்தாலும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் மூன்றாவது முறையும் படித்தேன். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் நுழையும் இடமும் வெளியே வரும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தளவோடுகளுக்கு அடியில் புகுந்து, சரிவைப் பார்த்து ஓடி, எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஈரத்துக்கு நேர் மேலே தார் பூசிய கொத்தனாரை இனிமேல் வீட்டுக்குள் விடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. மொட்டை மாடியை நான்கு பாத்திகளாகப் பிரித்துப் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முதல் பாத்தியைச் சுற்றிக் களிமண்ணால் நான்கு விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டுங்கள். மழைநீர்க் குழாயின் வாயைப் பழந்துணியால் அடைத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். துணிக்குப் போடும் நீலத்தை அதில் கொஞ்சம் கலந்துவிடுங்கள். ஒரு பகல் ஓர் இரவு நிற்கட்டும். சுவரில் நீலம் தெரிந்தால் அந்தப் பாத்திதான். தெரியாவிட்டால் வடித்து, இரண்டு நாள் காயவிட்டு, அடுத்த பாத்தி. மழை இல்லாத நாட்களில்தான் செய்ய வேண்டும். அவசரப்படாதீர்கள்.

அந்த இரும்பு ஏணி இன்னும் ஆடுகிறதா? அவர் பிடித்துக்கொள்கிறாரா? எனக்காக ஒருநாளும் ஏணியைப் பிடித்ததில்லை.

இப்படிக்கு,
வீட்டை வரைந்தவள்


அக்டோபர் 25

வணக்கம்.

முதலில் ஒன்று. தங்கை என்று எழுத வேண்டாம். நீங்கள் அக்கா, நான் தங்கை, நடுவில் அவர் என்றால் அது என்ன உறவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடை வேலைக்காரி உறையைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு அக்கா இருக்காங்கன்னு சொல்லவே இல்லயே" என்றாள். என் ஊசி விரலில் ஏறியது.

இரண்டு பாத்தி முடிந்தது. முதல் பாத்தியில் நீலம் அதிகமாகிவிட்டது. கைப்பிடிச் சுவரின் அடி, என் பாதம், பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் நீலம். படுக்கையறைச் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது பாத்தியும் அப்படியே. நடுவில் புதன்கிழமை நல்ல மழை. சுவர் நனைந்து, என் சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் பரவிவிட்டது. ஆக மழைக்குத் தெரிந்த வழி எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் மொட்டை மாடியைக் கழுவுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "என்ன திடீர்னு?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. பட்டறைக்குப் போய் யாருக்கோ கதவுச் சட்டம் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது நான் இங்கே நீலத் தண்ணீரில் நிற்கிறேன்.

உங்கள் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரான கோடு, அச்சடித்த மாதிரி எழுத்து. அதைச் சமையலறையில் விரித்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டில் சுவிட்சு எல்லாம் என் கைக்கு ஒரு விரல் அதிக உயரத்தில் இருக்கிறது. சமையல் மேடையும் ஒரு விரல் அதிகம். ஜன்னல் கொக்கிக்கு நான் எக்கித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷமாக நான் குள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் உங்கள் உயரத்துக்கு அளந்து வைத்திருக்கிறீர்கள். அடுத்தவளுக்குத் தைத்த சட்டையைத் தினமும் போட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று தையல்காரிக்குத் தெரியும்.

ஒரு கேள்வி. நான்கு பாத்தியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் பாத்தியை ஏன் கடைசியில் போட்டீர்கள்? சமையலறைக்கு மேலே இருப்பது அதுதானே? அங்கிருந்து ஆரம்பித்தால் ஆகாதா?

இப்படிக்கு,
நீலக்காலி


அக்டோபர் 30

உங்களுக்கு,

தங்கையை எடுத்துவிட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

வரிசையை மாற்றாதீர்கள். தொட்டிப் பாத்தியில் இரும்புக் கால்கள் குறுக்கே இருக்கும், வரப்புக் கட்டுவது சிரமம். மற்றதை முடித்துவிட்டு அங்கே போவதுதான் முறை. மூன்றாவது பாத்தி ஏணி ஏறும் இடம், அங்கே ஓடுகளின் இடுக்கில் பூச்சு விட்டிருக்கலாம்.

சுவிட்சுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மைதான், என் தோளை அளந்துதான் குறித்தேன். இப்போது நான் இருப்பது மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அறை. இங்கே எதுவும் யாருடைய உயரத்துக்கும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரியும். காலையில் உங்கள் படுக்கையறைக்குள் வெயில் எட்டரை மணிக்கு வந்து அலமாரியின் இரண்டாவது தட்டில் விழும். அதற்காகவே ஜன்னலை அரையடி தள்ளி வைத்தேன். இன்னும் அங்கேதான் விழுகிறதா, அல்லது அலமாரியை நகர்த்திவிட்டீர்களா?

நீங்கள் என்மேல் பொறாமைப்படுவது எனக்குப் புரிகிறது. உங்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்த ஒழுகலைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும் நான் வயிறெரிந்துகொண்டே படிக்கிறேன். ஒழுகுகிற வீடாக இருந்தாலும் அது என் வீடு. ஏட்டில் இல்லாவிட்டாலும் என் வீடு.

மூன்றாவது பாத்தியை நிதானமாகச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வரைந்தவள்


நவம்பர் 6

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன்.

மூன்றாவது பாத்தியும் காய்ந்த சுவர்தான். தண்ணீரை வடித்துவிட்டு இறங்கும்போது ஈர ஓட்டில் கால் வழுக்கி, ஏணியின் மேல்படியைப் பிடிக்கப் போய், அது ஆடி, நான்கு படி சறுக்கி விழுந்தேன். ஏணியைப் பிடிக்க யாரும் இல்லை. வலது மணிக்கட்டு சுளுக்கி வீங்கிவிட்டது. மூன்று வாரம் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கிறது. நாற்பது சீருடை வெட்டாமல் கிடக்கிறது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போகிறார்கள்.

அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "மாடியைக் கழுவலன்னு யாரு அழுதா?" என்றார். பிறகு அவரே கட்டுப் போட்டுவிட்டார். நன்றாகத்தான் கட்டினார்.

தொட்டிப் பாத்தி பாக்கி. கை சரியானதும் அதையும் செய்வேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்தே என்னைச் சுற்ற விடுகிறீர்களோ என்று. இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நம்பிவிடுவேன்.


நவம்பர் 10

உங்களுக்கு,

இல்லை என்று எழுத முடியாது. எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

தளம் காய்ந்திருக்கிறது, ஈரம் இரண்டு முழம் கீழே தொடங்குகிறது என்று நீங்கள் எழுதிய அந்த நிமிஷமே தெரியும். அந்தச் சுவருக்குப் பின்னால் சமையலறைப் பரண் இருக்கிறது. பரணின் தட்டு சரியாக இரண்டு முழம் கீழே. அதில் என் படச்சுருள்களும் இரண்டு பெட்டிகளும் இருக்கும். நீங்கள் அவற்றைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று ஊகித்தேன். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். அவற்றை இழுத்துப் போடுங்கள். கடைசி மூலையில் வீடு கட்டிய கொத்தனார்கள் விட்டுப்போன ஒரு சாந்துச் சட்டி இருக்கும். இரும்புச் சட்டி. இந்நேரம் அதன் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருக்க வேண்டும்.

அதற்கு மேலேதான் தொட்டியின் கால். புது வீட்டுக்கு அவர் தன் கையால் பற்றவைத்துச் செய்த முதல் பொருள், தொட்டியைத் தாங்கும் அந்த இரும்பு நிலைதான். தளத்தில் துளை போடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். நான் அலுவலகம் போயிருந்த ஒரு பகலில் நான்கு துளை போட்டுக் கால்களை இறக்கிச் சிமென்ட் வைத்துவிட்டார். மாலையில் என் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய்க் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். முதல் மழையில் ஒரு கால் ஒழுகியது. அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அடியில் சட்டியை வைத்தேன். நான்கு மழைக்காலம், அவர் பட்டறைக்குப் போன பிறகு ஸ்டூலில் ஏறி எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி வைப்பேன். எனக்குத் தொழில் புத்தி போகாது, ஒவ்வொரு மழைக்கும் எத்தனை விரல் தண்ணீர் என்று பரண் சுவரில் பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறேன். நான் போன பிறகு சட்டியில் நின்றது தானாகவே வற்றி, மறுபடி நிறைந்து, இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. இந்த வருஷம் அடி போயிற்று.

நாங்கள் பிரிந்ததற்குச் சட்டிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன விஷயத்தை ஒருவரிடம் மறைக்கப் பழகிவிட்டால் அடுத்ததை மறைப்பது சுலபமாகிவிடுகிறது. கடைசியில் எங்களுக்குள் சண்டைகூட மிச்சமில்லை.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை? 'அவ இருந்தப்ப ஒரு சொட்டு ஒழுகினதில்ல' என்று அவர் சொன்னதாக எழுதினீர்களே, அதனால்தான். ஐந்து வருஷம் கழித்து ஒருவர் என்னை நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார். அது பொய் என்று உங்களிடமே ஒப்புக்கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் இன்னும் நாலு கடிதம் எழுதட்டும், வீட்டைப் பற்றி எழுதட்டும் என்றும் இருந்தது. உங்கள் கை போகும் என்று நினைக்கவில்லை. அதற்கு நான் என்ன சொன்னாலும் பற்றாது.

அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
மறைத்தவள்


நவம்பர் 19

வணக்கம்.

சட்டி இருந்தது. நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே, அடியில் நான்கு ஓட்டைகளோடு. சுருள்களை ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டேன். மூன்று வருஷமாக அந்தப் பரணைத் திறக்கும்போதெல்லாம் முன்வரிசையில் கையைவிட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பின்னால் பார்க்காமல் மூடிவிடுவேன். உங்கள் சாமான் கண்ணில் படக்கூடாது என்று. ஒருநாள் தூசி தட்டியிருந்தால் போதும், இந்த நாற்பது சீருடையும் என் கையும் தப்பியிருக்கும். உங்களைத் திட்டுவதற்கு நடுவில் என்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டேன்.

உங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதினால் தாள் கருகிவிடும். விட்டுவிடுகிறேன்.

அன்று மாலை அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன். மனதுக்குள் பகல் முழுக்க ஒத்திகை பார்த்த வசனம். "அவங்க இருந்தப்பவும் ஒழுகித்தான் இருக்கு. நீங்க போட்ட ஓட்டை. புடிச்சு புடிச்சு ஊத்தியிருக்காங்க. போய்ப் பரண்ல பாருங்க."

டார்ச்சோடு ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவர் முகம் தெரியவில்லை, டார்ச் வெளிச்சம் பென்சில் கோடுகள்மேல் ஒவ்வொன்றாக நகர்வது மட்டும் தெரிந்தது. கோபப்படுவார், கத்துவார், பிறகு என்னைப் பார்த்து நீ சொன்னதுதான் சரி என்பார் என்று காத்திருந்தேன். இறங்கி வந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாலு மழை ஏறி எறங்கியிருக்கா" என்றார். அப்புறம், "முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பா."

எனக்கு உயிரே போய்விட்டது. நான் கையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த ஒழுகல், அவருக்கு உங்கள் முட்டிவலியைத்தான் ஞாபகப்படுத்தியது. நீங்கள் மறைத்ததைப் போட்டுடைத்தால் நீங்கள் சின்னதாகிவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் பெரிதாகிவிட்டீர்கள்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. மறுநாளே பட்டறைக்கு லீவு போட்டார். பழைய நிலையை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடிச் சுவர்களின்மேல் உட்காரும்படி புதிதாகச் செய்தார். தளத்தில் ஒரு துளையும் இல்லை. பழைய துளைகளைக் கொத்தி, ஈரம் புகாத கலவை வைத்து அடைத்தார். சட்டியை எறியச் சொன்னேன். கேட்காத மாதிரி பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

நேற்று உங்கள் முகவரி கேட்டார். "தெரியாது" என்றேன். நாம் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வீடு காய்கிறது. உங்களிடம் கேட்க இனி எதுவும் இல்லை. அலமாரியை நான் வந்த முதல் மாசமே நகர்த்திவிட்டேன், வெயில் தரையில்தான் விழுகிறது.

இனி எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
அந்த வீட்டுக்காரி


டிசம்பர் 2

உங்களுக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். இது ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. உறையில் அவர் கையெழுத்து. முகவரியில் தெருப் பெயருக்கு முன்னால் நீங்கள் செய்யும் அதே பிழை இருக்கிறது. ஆகவே கொடுத்தது யார் என்று தெரிந்துகொண்டேன். எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. எனக்கு வந்திருக்காது.

நான்கு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். தடிமனாக இருக்கிறது, குறைந்தது மூன்று தாள். வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிரித்தால் திரும்பத் திரும்பப் படிப்பேன். பிறகு பதில் எழுதுவேன். பிறகு தபால்காரருக்காகக் காத்திருப்பேன். அதெல்லாம் வேண்டாம் என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுப்பதானாலும் அடுப்பில் போடுவதானாலும் அது உங்கள் வீட்டு விஷயம்.

உங்கள் கை எப்படி இருக்கிறது?

வரைந்தவள்


டிசம்பர் 9

வணக்கம்.

கை பரவாயில்லை. நேற்று முதல் சீருடை வெட்டினேன். கழுத்து கொஞ்சம் கோணல், பையன் குண்டு, தெரியாது.

முகவரியை நான்தான் கொடுத்தேன். தெரியாது என்று சொன்ன பிறகு மூன்று நாள் அவர் வீடு கட்டிய கொத்தனார், பழைய அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. டைப்பிஸ்ட் அம்மா தந்தார் என்று சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பாதி உண்மை. மீதியைச் சொல்லத் தைரியம் இல்லை.

உங்கள் உறை கடைக்கு வந்தது. உள்ளே அவர் உறை. நீங்கள் நான்கு நாள் வைத்திருந்தீர்கள், நான் நான்கு நிமிஷம். பிரித்துவிட்டேன். நீங்கள் எந்த ரகம், நான் எந்த ரகம் என்று தெரிந்ததுதானே.

முதல் இரண்டு தாளும் உங்களுக்கு. உங்கள் முட்டிக்கு. 'தைலம் வாங்கிக் கொடுத்தேனே தவிர ஏன் வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தொட்டி நிலையை நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்ன மாலையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. எனக்கு அவர் ஒரு பக்கம் எழுதியதில்லை. கடைக்கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பொறாமையில் அழுதேன், வேறு பெயர் சொல்லி மூட விரும்பவில்லை.

மூன்றாவது தாளில் என்னைப் பற்றி நாலு வரி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், நீங்களும் படித்துவிடுங்கள். 'இப்ப இருக்கிறவ உன்ன மாதிரி இல்ல. மனசுல ஒண்ணும் வச்சுக்கத் தெரியாது. சட்டியக் கண்டுபிடிச்ச அன்னைக்கே கொண்டுவந்து என் முன்னால வச்சுட்டா. வீட்ல சத்தம் ஜாஸ்தி. ஆனா எதுக்கும் அடியில சட்டி வைக்க வேண்டியதில்ல.'

இதைப் படிக்கும்போது உங்கள் கடிதங்கள் எங்கே இருந்தன தெரியுமா? பரணில். சுருள்கள் இருந்த கடைசி மூலையில், துணி மூட்டைக்கு அடியில். இடம் காலியாக இருக்கிறதே என்று நான்தான் வைத்தேன். நன்றாகக் காய்ந்த இடம்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட்டேன். அக்டோபரிலிருந்து வந்தது எல்லாம், அவருடைய பிரித்த கடிதம் உட்பட, இப்போது என் மடியில் இருக்கிறது. அவர் மொட்டை மாடியில் புது நிலைக்கு இரண்டாவது முறை பெயிண்ட் பூசிக்கொண்டிருக்கிறார். படித்துவிட்டு என்ன செய்வார் என்று தெரியாது. அந்த நாலு வரியை அவரே மனதில் அடித்துவிடலாம். நாற்பது சீருடை போனதைவிட எனக்கு அது பெரிய நஷ்டம். ஆனாலும் கொடுக்கப் போகிறேன். அவர் எழுதியது மாதிரி நான் இருக்க வேண்டும், அல்லது அவர் எழுதியது பொய்யாக வேண்டும்.

உங்கள் படச்சுருள்களைக் கட்டி வைத்திருக்கிறேன், வாரக் கடைசியில் பார்சலில் வரும். வீட்டின் படம் மட்டும் வராது. அது வீட்டோடு இருக்கட்டும்.

இதுதான் கடைசி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வியாழக்கிழமை நாள் முழுக்க மழை பெய்தது. சாக்கட்டிக் கோடுகள் அப்படியே நிற்கின்றன, ஈரம் எதையும் தாண்டவில்லை. அதை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது, வேறு யாருக்கும் அது புரியாது.

கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பிடிக்காத ஏணியில் ஏற முடியாது. இப்போதுதான் கீழே நின்று கூப்பிட்டேன், ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின்னால் வந்தவள்